ஆமைகள் மட்டும் பிறக்கும் தீவில் ஜொசிலேனி

ஜொசிலேனியின் தீவில் யாரும் பிறப்பதில்லை. சாகலாம், அதற்கு ஒரு தடையும் இல்லை. கல்யாணம் கட்டலாம், கரும்புச் சாராயம் குடித்துவிட்டுப் பாறையிலிருந்து விழலாம், தேர்தலில் நிற்கலாம். பிறக்க மட்டும் முடியாது. ஏழாம் மாதம் ஆனதும் வயிற்றுக்காரி பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறி அக்கரைக்குப் போய்விட வேண்டும். அக்கரை என்றால் பிரேசில் நாட்டின் மிச்சம் முழுவதும். அங்கே பெற்று, துணியில் சுற்றிக்கொண்டு, திரும்பி வரலாம்.

இப்படி ஒரு தடை இருக்கிறதா என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஐயோ, தடையா, யார் சொன்னது என்பார்கள். பெற்றுக்கொள்ள முழு உரிமை உண்டு. பிரசவம் பார்க்கிற வசதிதான் இல்லை. அடுப்பங்கரையை இடித்துவிட்டு, உங்களை யார் சாப்பிட வேண்டாம் என்றது என்று கேட்கிற தினுசு.

முன்பு வசதி இருந்தது. சுகாதார நிலையத்தில் ஓர் அறை, ஒரு மேசை, மேலே ஒரு விளக்கு. விரல் விட்டு எண்ணுகிற அளவு பிள்ளை பிறக்கும் ஊருக்கு மயக்க மருந்து டாக்டர் ஒருவரைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பது வீண் என்று அக்கரையில் யாருக்கோ தோன்றியது. அறையை மூடினார்கள். விளக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. மேசை ஆமைத் திட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வலையில் சிக்கி அடிபட்டு வரும் கடலாமைகளைக் கிடத்தி அளவெடுக்கவும் தையல் போடவும் அதைவிட வாகான மேசை கிடையாதாம். கால் தாங்கிகளை மட்டும் கழற்றிவிட்டார்கள். ஆமைகள் அதைக் கேட்கவில்லை.

ஆமைகளுக்கு அந்தத் தீவில் ஒரு குறையும் கிடையாது. முட்டையிட வருகிற மாதங்களில் அவற்றுக்காகக் கடற்கரையையே மூடிவிடுவார்கள். குழி வெட்டிய இடத்தில் நாலு குச்சி நட்டு, நாடா கட்டி, ஆள் போட்டுக் காவல் காப்பார்கள். ஜொசிலேனியின் புருஷன் வல்டெசிக்கு அதுதான் வேலை. "பேசாம நில்லுங்க, அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி. பயந்தா முட்டை போடாமத் திரும்பிடுவா" என்று சுற்றுலா வந்தவர்களை அதட்டுவான். அவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து திரும்பும் என்று கடைசியில் கணக்குச் சொல்லி அனுப்புவான்.

மூடுவதற்கு முன் அந்தப் பழைய அறையில் பிறந்தவர்களில் ஜொசிலேனியும் ஒருத்தி. அவள் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும், அம்மா அதை வீட்டு வாசல் படலுக்கடியில் புதைத்தாள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதில் விட்டுக்கொடுத்தல் கிடையாது. கொடித்துண்டு எங்கே புதைகிறதோ, ஆள் அங்கேதான் ஒட்டுவான். தொழுவத்தில் புதைத்தால் மாடு கன்று பெருகும். பள்ளிக்கூட வாசலில் புதைத்தால் படிப்பு ஏறும். எலி தூக்கிக்கொண்டு போனால் பிள்ளை திருடனாவான். இதையெல்லாம் நம்புவதில்லை என்று சொல்கிற படித்தவர்கள்கூட எலி விஷயத்தில் ஜாக்கிரதையாகவே இருப்பார்கள்.

படலுக்கடியில் புதைத்தது பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஜொசிலேனி முப்பது வயது தாண்டியும் தீவைவிட்டு நகரவில்லை. ஒரு விடுதியில் அறைகளைப் பெருக்கித் துடைத்துப் படுக்கை விரித்தாள். துண்டை மடித்து ஆமை செய்து கட்டிலில் வைப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை. தலை நிமிர்ந்து பார்ப்பது போலவே இருக்கும். தேனிலவு ஜோடிகள் அதைப் படம் பிடித்துவிட்டுக் கீழே தள்ளிவிடுவார்கள். அவள் விரித்த மெத்தைகளில் எத்தனையோ பிள்ளைகள் உருவாகிப் போயிருக்கிறார்கள். கருத்தரிக்கத் தீவில் எந்த வசதிக் குறைவும் இல்லை.

முதல் பிள்ளைக்கு ஜொசிலேனி ஒழுங்காக, சொன்ன மாதத்தில், சொன்ன விமானத்தில் அக்கரைக்குப் போனாள். அங்கே நிர்வாகம் வாடகைக்கு எடுத்த ஒரு வீடு உண்டு. தீவின் வயிற்றுக்காரிகள் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுத்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, போனில் புருஷன்களோடு சண்டை போட்டு மாதங்களைத் தள்ளுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு ஆள் வரும். வல்டெசியின் அக்கா எடில்சா அந்த நகரத்தில்தான் நகப்பூச்சுக் கடை வைத்திருந்தாள். சோளமாவுப் புட்டும் ஊர் வம்பும் சுமந்துகொண்டு வந்து, ஜொசிலேனியின் கால் நகங்களுக்குச் சிவப்புப் பூசிவிட்டுப் போவாள். "வயிறு மறைக்குதுன்னு நீ பாக்கலேன்னாலும் டாக்டர் பாப்பான்டி" என்பாள்.

வலி எடுத்தபோது வல்டெசியால் வர முடியவில்லை. ஆமைகள் கரையேறும் காலம், லீவு கிடையாது. நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டில் நடைகூடத்தில் கிடைத்தது. பையன் பிறந்தான். மூன்றாம் நாள் செத்துப்போனான். தொற்று என்றார்கள். எங்கிருந்து தொற்றியது என்று அவள் கேட்டபோது டாக்டர் மாறிவிட்டிருந்தார். மாறி வந்தவருக்கு விவரம் தெரியாது. கொடி காய்ந்து விழுவதற்குக்கூடப் பையனுக்கு அவகாசம் இல்லை, அதோடேயே அந்த ஊர் மண்ணில் வைத்தார்கள். அங்கே ஏழைக்குக் குழியும் வாடகைதான். சில வருஷம் போனதும் எலும்பை எடுத்துவிட்டு இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

திரும்பி வருகிற விமானத்தில் அவளுக்குப் பால் கட்டி, சட்டை இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண், புதுக் கல்யாணம், கையைக் கையில் கோத்திருந்தவள், ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டி, "காபி கொட்டிட்டீங்களா?" என்று கனிவாகக் கேட்டாள். ஆமாம் என்றாள் ஜொசிலேனி.

விமான நிலையத்தில் வல்டெசி நின்றான். பெட்டியை வாங்கிக்கொண்டான். பேச வேறு எதுவும் வாயில் வராமல், "நேத்து ஒரு குழி பொரிஞ்சுது. எல்லாக் குஞ்சும் பத்திரமாக் கடலுக்குப் போயிடுச்சு" என்றான். ஆறுதல் என்றுதான் நினைத்தான். அதன்பிறகு வெகுநாள் வரை அவள் அவனோடு பேசவில்லை.

ஆகவே இரண்டாம் முறை வயிற்றில் கரு நின்றதும் அவள் முடிவு செய்துவிட்டாள்.

"இந்தப் பிள்ளைய இங்கதான் பெத்துக்கப் போறேன்."

"இங்கன்னா?"

"இங்கன்னா இங்க. இந்தக் கட்டில்ல. நீ பக்கத்துல உக்காந்திருப்பே. கொடி விழுந்ததும் எங்கம்மா வெச்ச அதே படலுக்கடியில வெப்பேன்."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"அங்க ஆகலியா?"

அந்தக் கேள்விக்கு வல்டெசியிடம் மட்டுமல்ல, யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டால் நம் பக்கம்தான் நியாயம் என்று தோன்றிவிடும். ஜொசிலேனிக்கும் தோன்றியது.

அக்கரையிலிருந்து எடில்சா போனில் கத்தினாள். "புத்தி பிசகிப் போச்சாடீ உனக்கு? இங்க என் வீட்டுல வந்து இரு. கடையை மூடிட்டு உன்கூடவே கெடக்கறேன். மண்டை ஓடு மாதிரி மொட்டையாக் கெடக்கிற அந்தப் பாறையில என்னடி இருக்கு?"

"நான் இருக்கேன் அக்கா."

"பெரிய மகாராணி! பேச்சைப் பாரு."

மறைப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. விடுதி மேலங்கி தொளதொளவென்று இருக்கும். அதற்குள் இரண்டு பிள்ளைகளை மறைக்கலாம். அதைவிட, ஊருக்கே தெரிந்த விஷயத்தைத் தெரியாதது போல நடந்துகொள்வதில் தீவுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ரொட்டிக்காரன் ஒரு ரொட்டி கூடப் போட்டுக் கொடுத்தான், ஏன் என்று சொல்லவில்லை. விடுதி முதலாளி அவளை மாடி அறைகளிலிருந்து கீழே சலவைக்கு மாற்றினார், ஏன் என்று சொல்லவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் இரனெய்டியின் காதில் மட்டும் விழக் கூடாது, அவ்வளவுதான். எல்லோரும் அதில் ஒரே கட்சி. இரனெய்டி தெருவில் எதிரே வந்தால் ஜொசிலேனி துணிக்கூடையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். "சதை போட்டிருக்கே, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு இரனெய்டி போவாள். துக்கத்தில் சிலர் ஊதிவிடுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கெடுத்தது லிண்டால்வா. சலவையறையில் ஜொசிலேனியோடு துணி பிழிகிறவள், நல்லவள், நல்லவள் என்பதுதான் அவளிடம் உள்ள ஆபத்து.

"டயப்பர் விருந்து வெக்கணும்டி."

"வேணாம். வெளிய தெரிஞ்சுடும்."

"தெரியாம எப்படி வெக்கறதுன்னு நான் பாத்துக்கறேன். விருந்து வெக்காம ஒரு பிள்ளை பூமிக்கு வருமா? மொதப் பிள்ளைக்குத்தான் அவசரமா ஏத்தி அனுப்பிட்டாங்க, ஒண்ணும் பண்ணல. அதான் தங்கல."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மேல் ஜொசிலேனியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஆளுக்கொரு டயப்பர் கட்டு கொண்டுவருவார்கள், கேக் வெட்டுவார்கள், விளையாடுவார்கள், அவ்வளவுதான் விருந்து. ரகசியமாக வைப்பது என்று முடிவாகி, நெருங்கினவர்களுக்கு மட்டும் சொல்வது என்று ஆரம்பித்தார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டுவிட்டு அவள் மச்சினியை விட்டால் பகை. மச்சினியைக் கூப்பிட்டால் அவள் அடுத்த வீட்டுக்காரியை விட்டால் பகை. ஒரே தெரு உள்ள ஊரில் பகைத்துக்கொண்டு எங்கே போய் ரொட்டி வாங்குவது? கடைசியில் இரனெய்டி ஒருத்திதான் பாக்கி. ஊரே போகிற விருந்துக்கு அவளை மட்டும் விட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? லிண்டால்வா போய் அவளையும் அழைத்துவிட்டு வந்தாள். யாருக்குப் பிள்ளை என்று மட்டும் சொல்லவில்லையாம். அதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொன்னாள்.

இரனெய்டி டயப்பர் கட்டோடு வந்தாள். நடுக் கூடத்தில், தலையில் காகிதக் கிரீடத்தோடு ஜொசிலேனி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். இரனெய்டி கட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். அவளும் அந்த ஊர்க்காரிதான். விருந்துக்கு வந்த இடத்தில் வேலையைப் பேசுகிறவள் அல்ல. அத்தோடு போயிருக்கலாம். ஆனால் கயிறு விளையாட்டு வந்தது.

கயிறு விளையாட்டு இல்லாமல் இந்த விருந்து முடியாது. கயிற்றுக் கண்டு கையிலிருந்து கைக்குப் போகும். வயிற்றுக்காரியின் வயிற்றைச் சுற்ற எவ்வளவு வேண்டும் என்று கண்ணாலே அளந்து ஒவ்வொருத்தியும் துண்டு வெட்டுவாள். சரியாகச் சுற்றி வருகிறவளுக்குப் பரிசு. லிண்டால்வாவின் கயிறு இரண்டு சுற்று வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயிறு இரனெய்டியிடம் போனது. அவள் ஏறிட்டுப் பார்த்தாள், வெட்டினாள். முனையும் முனையும் முத்தமிட்டன. கை தட்டினார்கள். ஒரு வாசனை சோப்புக் கொடுத்தார்கள்.

சோப்பை ஒரு கையிலும் கயிற்றை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவள் ஜொசிலேனியைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"எத்தன மாசம்?"

"ஆறு."

"என் கயிறு ஒம்போதுங்குது."

"அது விளையாட்டுக்குத்தானே அக்கா."

"உங்களுக்கு விளையாட்டு. எனக்கு அதுதான் பொழப்பு." இரனெய்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "என்னை எதுக்குடி கூப்பிட்டீங்க? கூப்பிடாம இருந்தா நான் பாட்டுக்குப் பாக்காமயே இருந்திருப்பேனே."

"கூப்பிடலேன்னா கோவிச்சுக்குவீங்க."

"கோவிச்சுக்கத்தான் செய்வேன்" என்று இரனெய்டி ஒப்புக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்குப் பிள்ளை எடுக்கத் தெரியும். மறந்து போகல. ஆனா ரத்தம் நிக்கலேன்னா என்கிட்ட என்ன இருக்கு? ரத்தம் ஒரு பை கெடையாது. பாம்புக் கடிக்கு மருந்து வெச்சிருக்கேன், இங்க பாம்பே கெடையாது. உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"ஒண்ணும் ஆகாது அக்கா."

"ஆகாதுன்னுதான் எல்லாரும் சொல்றது."

மறுநாள் காலை ஜொசிலேனி சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி. மஞ்சள் முடிக்காரி ஒருத்தி வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். 'உன் பிரசவம், உன் தேர்வு' என்று கீழே எழுதியிருந்தது.

"எந்த ஆஸ்பத்திரி வேணும்னு சொல்லு" என்றாள் இரனெய்டி. "ரெண்டு இருக்கு. ஒண்ணு பெரிய ஆஸ்பத்திரி."

"அது வேணாம்."

"தெரியும். இன்னொண்ணு புதுசு. தனித்தனி அறை. புருஷன் கூட இருக்கலாம். வெந்நீர்த் தொட்டிகூட இருக்காம்."

"அது."

"அதுல இடம் இல்ல. காலையிலயே கேட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?"

"கேக்கணும்னு உத்தரவு. தேர்வு தாயோடது." இரனெய்டி சுவரொட்டியைப் பார்க்காமல் சொன்னாள். "பெரிய ஆஸ்பத்திரின்னே சொல்லிடறேன். நாளைக்கு விமானம். மாசத்தைக் குறைச்சுச் சொன்னாத்தான் ஏத்துவாங்க, அதை நான் பாத்துக்கறேன். நானும் கூட வர்றேன்."

மறுநாள் ஜொசிலேனி பெட்டியோடு பேருந்தில் ஏறினாள். தெருவே வாசலில் நின்று கையாட்டியது. பேருந்து விமான நிலையத்துக்குப் போனது. அவள் அதற்கு முந்தின நிறுத்தத்தில், ஆமைத் திட்டத்துக் கொட்டகையருகே இறங்கிவிட்டாள். வல்டெசி உள்ளே மேசையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"விமானம்?"

"போகட்டும்."

"ஜொசி, தயவு செஞ்சு…"

"இன்னிக்கு ஒரு நாள் தப்பிச்சுட்டா அப்புறம் எந்த விமானக்காரனும் என்னை ஏத்த மாட்டான். அவங்களே சொல்லிடுவாங்க, இருந்து தொலைன்னு. நான் இந்த மூலையில உக்காந்திருக்கேன். நீ யாரு வந்தாலும்…"

சொல்லி முடிப்பதற்குள் பனிக்குடம் உடைந்தது.

ஆயிரம் பிரசவம் பார்த்தவன் வல்டெசி. ஒவ்வொரு சாயங்காலமும் ஆமை எப்படிக் குழி பறிக்கும், எப்படி மூச்சு வாங்கும், கண்ணில் ஏன் நீர் வடியும் என்று கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்கிறவன். அவனுக்குக் கைகால் ஓடவில்லை. "சத்தம் போடாதே, சத்தம் போடாதே" என்றான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. ஜன்னலில் இரண்டு சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தொப்பியை எடுத்து அவர்கள்மேல் எறிந்தான். அப்புறம் போனை எடுத்தான்.

"அவங்களக் கூப்பிடாதே" என்றாள் ஜொசிலேனி. பல்லைக் கடித்துக்கொண்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "வல்டெசி, கூப்பிட்டே, செத்தே."

அவன் கூப்பிட்டான்.

இரனெய்டி விமான நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸோடு வந்து சேர்ந்தபோது நேரம் இல்லை. மேசையைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. "இதை இங்கியா கொண்டாந்து போட்டிருக்கானுங்க?" என்றபடியே கையுறை மாட்டினாள். கால் தாங்கி இல்லாததால் ஒரு காலை வல்டெசி பிடித்தான், ஒரு காலை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார். பெண் பிறந்தாள். கொட்டகை அதிர அழுதாள்.

அதன்பிறகு கொஞ்ச நேரம், அதிகமில்லை, ஜொசிலேனிக்கு அவள் கேட்டது எல்லாம் இருந்தது. குழந்தை மார்மேல் கிடந்தது. வல்டெசி பக்கத்தில் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. "எல்லாரும் பாத்துக்குங்க" என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னாள். "இங்கதான் பொறந்தா. நாளைக்கு எவனும் மாத்திப் பேசக் கூடாது." பெயர்கூட வைத்துவிட்டாள், அந்தப் பக்கத்துக் கடல்தாயின் பெயர்: ஜனைனா.

"பேசாதே" என்றாள் இரனெய்டி. அவள் கை ஜொசிலேனியின் அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. மேசை ஆமைகளுக்காக ஓரத்தில் வரம்பு கட்டினது. வரம்பு நிறைந்து ரத்தம் தரையில் சொட்ட ஆரம்பித்தது.

வேண்டாம் என்று விட்ட விமானம் இன்னும் ஓடுதளத்தில் நின்றுகொண்டிருந்தது. அதுதான் அதிர்ஷ்டம் என்று பிற்பாடு ஊரில் எல்லோரும் சொன்னார்கள். மூன்று வரிசைக்காரர்களை எழுப்பி இறக்கிவிட்டு அவளைக் கிடத்தினார்கள். இறக்கிவிடப்பட்டவர்களில் ஒருவர் தன் அடுத்த விமானம் போய்விடும் என்று முறையிட்டார், ஒருவர் படம் எடுத்தார், ஒரு பெண்மணி தன் கடற்கரைத் துண்டைக் கழற்றிப் போர்த்திவிட்டாள். இரனெய்டி ஒரு முஷ்டியால் வயிற்றை அழுத்தியபடி உட்கார்ந்தாள். குழந்தை பணிப்பெண்ணின் மடியில். வல்டெசிக்கு இடம் இல்லை. ஓடுதளத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்கரையில் எந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆஸ்பத்திரிதான் அவளைப் பிழைக்க வைத்தது. அன்றைக்கு ரத்தம் இருந்தது, டாக்டர் இருந்தார், கை நடுங்காத டாக்டராகவும் இருந்தார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், உயிரை வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியைத் திட்டுவதற்கென்று இதுவரை கூடவே வந்தவர்களுக்கு இது கொஞ்சம் இடைஞ்சலான சேதிதான். ஆனால் அந்த மேசையைச் சுகாதார நிலையத்திலேயே விட்டு வைத்து, பக்கத்தில் இரண்டு பை ரத்தமும் வைத்திருந்தால் கர்ப்பப்பையும் தப்பியிருக்குமா என்று இரனெய்டி அந்த டாக்டரைக் கேட்டாள். அவர் கை கழுவிக்கொண்டே, "அதெல்லாம் நான் எப்படிச் சொல்றது?" என்றார். அவர் சொல்லாததும் நியாயம்தான்.

ஜொசிலேனி நினைவு தப்பியும் தப்பாமலும் கிடந்த நாட்களில் குழந்தையை எடில்சா பார்த்துக்கொண்டாள். சொன்னபடியே கடையை மூடிவிட்டாள். ஆஸ்பத்திரிப் பாலை வாங்கி ஊட்டினாள், குளிப்பாட்டினாள், தாலாட்டுக்குப் பதிலாகத் தெரு வம்பெல்லாம் சொன்னாள். வல்டெசிக்கு விமானத்தில் இடம் கிடைத்து வந்து சேர்ந்த அன்றுதான் ஜொசிலேனியைப் பொதுப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். குழந்தையை அவள் பக்கத்தில் படுக்க வைத்தாள் எடில்சா. ஜொசிலேனி துணியை விலக்கிப் பார்த்தாள். தொப்புள் சுத்தமாக ஆறியிருந்தது.

"கொடி விழுந்துடுச்சா அக்கா?"

"போன வாரமே!"

"எங்க வெச்சிருக்கே?"

"வெச்சிருக்கிறதா? எலி தூக்கிட்டுப் போறதுக்கா?" எடில்சாவின் முகம் பூரித்தது. தம்பியையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். இவ்வளவு நாளாக இதைச் சொல்லத்தான் காத்திருந்தாள். "பஞ்சுத் துணியில முடிஞ்சு, கண்ணு படாம இருக்கச் செகப்பு நூல் சுத்தி, இந்த ஆஸ்பத்திரி வாசல்லயே, வாதா மரத்தடியில பொதைச்சுட்டேன். உன் உசுரைக் குடுத்த எடமில்ல? பாத்துக்கிட்டே இரு, உன் மக இங்கயே டாக்டரா வந்து நிப்பா!"

வல்டெசி தரையைப் பார்த்தான். ஜொசிலேனி கூரையைப் பார்த்தாள். தையல் போட்ட வயிற்றோடு அழுவது எளிதல்ல. முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"என்னடி, சந்தோஷம்தானே?" என்றாள் எடில்சா.

"எந்த மரம்?" என்றாள் ஜொசிலேனி.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, வாசலில் இளநீர் வண்டிக்காரனிடம் வழுக்கை சுரண்டுகிற கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவள் மரத்தடியில் மெல்ல மண்டி போட்டாள். "எதுக்குடி, வெச்சதை எடுக்கக் கூடாதுடி" என்று எடில்சா பதறினாள். ஜொசிலேனி தோண்டினாள். கொஞ்ச ஆழத்திலேயே தட்டுப்பட்டது: பஞ்சுத் துணி முடிச்சு, சிவப்பு நூல்.

"இதான், இதேதான்" என்றாள் எடில்சா.

பக்கத்து வேரடியில் இன்னொன்று கிடைத்தது. அதிலும் சிவப்பு நூல். அதற்கடியில் மக்கிப்போன ஒன்று. கரண்டியை எங்கே வைத்தாலும் ஒரு முடிச்சு வந்தது. எடில்சா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "என்னுது இன்னும் கொஞ்சம் புதுசா இருக்கும்… இது இல்ல… இதுவாயிருக்குமோ…" அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது.

இளநீர்க்காரன் வண்டியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். "டாக்டருக்கா?" என்றான்.

எடில்சா இன்னொரு முடிச்சைத் திருப்பினாள்.

"எல்லாரும் டாக்டருக்குத்தான்" என்றான் அவனே. " நான் வண்டி போட்ட நாள்லேந்து பாக்கறேன், இந்த மரத்தடியில பொதைக்காத பொம்பளையே கெடையாது. நானே எம் பொண்ணோடதை அந்தப் பக்கம் வெச்சிருக்கேன். உள்ள போய்ப் பாருங்க தாயி, ராவானா ஒத்த டாக்டர்தான் நிக்கறான், அவனும் வெளியூர்க்காரன்."

ஜொசிலேனி முடிச்சுகளை உள்ளங்கையில் சேர்த்தாள். அதில் ஒன்று அவளுடையது. எது என்று தெரியாமல் ஒன்றை எடுத்துப் போனால், யாரோ ஒருத்தியின் பிள்ளையை ஊர் தெரியாத தீவுப் படலுக்கடியில் கட்டிப்போட்டதாகும். தன் பிள்ளைக்கு யாரும் அதைச் செய்துவிடக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடு. எல்லாவற்றையும் குழிக்குள் திரும்ப வைத்தாள். மண்ணைத் தள்ளி, கையால் தட்டிச் சமன் செய்தாள். கரண்டியைக் கழுவிக் கொடுத்தாள். அந்த நகரத்தில் இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள், ஒருவன் வாடகைக்கு, ஒருத்தி இனாமாக.

தீவில் வரவேற்பு பலமாக இருந்தது. லிண்டால்வா பலூன் கட்டியிருந்தாள். விருந்தில் சேர்ந்த டயப்பர் கட்டுகள் வீட்டுக் கூரை வரை அடுக்கியிருந்தன. சின்ன அளவெல்லாம் அதற்குள் போதாமல் போயிருந்தது. சுகாதார நிலையத்தில் சுவரொட்டியைக் கிழித்தது யார் என்று விசாரணை நடந்தது. இரனெய்டியே விசாரித்தாள், இரனெய்டிக்கே கிடைக்கவில்லை. மேசையைக் கழுவி ஆமைகளுக்கே திரும்ப விட்டார்கள்.

குஞ்சு பொரிக்கும் காலம் வந்தது. ஒரு சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் ஜொசிலேனி குழந்தையோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் குஞ்சுகள் மணலைத் துழாவிக்கொண்டு அலைக்குப் போய்க்கொண்டிருந்தன. வல்டெசி குச்சிகளைப் பிடுங்கி, நாடாவைச் சுருட்டினபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெகுநாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான்.

"கொடி எங்க கெடந்தா என்ன ஜொசி. ஆமையைப் பாரு. எத்தன வருஷம் எந்தக் கடல்ல சுத்தினாலும் பொறந்த மணலுக்கே திரும்பி வருது. இவ இங்க பொறந்தவ. எங்க போனாலும் வந்துடுவா."

ஜொசிலேனி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு குஞ்சைக் கடற்பறவை கொத்திக்கொண்டு போனது.

"ஆயிரத்துல எத்தன திரும்பும்னு தெனம் வர்ற கூட்டத்துக்குச் சொல்லுவியே" என்றாள். "எனக்கும் ஒரு தடவை சொல்லு."

வல்டெசிக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அவன் நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.